பதிவேட்டில் இல்லாதோரின் பதிவாளர்: சி. வி. வேலுப்பிள்ளையும் மறுப்பெழுத்தும்

1974 ஆம் ஆண்டு ஜனவரி இறுதியில் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் இந்தியப் பிரதமர் இந்திரா காந்தியும் ஓர் உடன்படிக்கைக்கு வந்தனர். 1964 ஒப்பந்தத்தில் எந்நாட்டுக்கும் உரியோரெனத் தீர்மானிக்கப்படாது விடப்பட்டிருந்த 150,000 மலையகத் தமிழரை நாட்டுக்கு 75,000 பேராகப் பங்கிட்டுக்கொள்வது அதன் சாரம். ஏறத்தாழ இரண்டு வாரங்கள் கழித்து, பெப்ரவரி 13 ஆம் நாள், சோவியத் அரசு அலெக்சாந்தர் சோல்செனிட்சினின் பிரஜாவுரிமையைப் பறித்து அவரை விமானத்தில் ஏற்றி மேற்கு ஜேர்மனிக்கு அனுப்பியது. முதற் செய்தியில் இருப்பது பெயரில்லாத ஓர் எண்ணிக்கை. இரண்டாவதில் இருப்பது உலகறிந்த ஒரு பெயர். இரண்டிலும் நிகழ்ந்தது ஒன்றே. தன் எல்லைக்குள் வாழ்ந்த மனிதரை நோக்கி, நீர் எமக்குரியவர் அல்லர் என்று ஓர் அரசு எழுத்தில் அறிவித்தது. பின்னதைப் பற்றி எழுந்த விமர்சன நூல்கள் ஒரு நூலகத்தையே நிரப்பவல்லன. முன்னதற்கும் ஓர் எழுத்தாளர் இருந்தார். அவரது பணியை மறுப்பெழுத்து என்னும் வகைக்குள் வைத்து நோக்கும்போது, அவ்வகையைப் பற்றி நாம் கொண்டிருக்கும் கருத்தே திருத்தம் பெற வேண்டியிருக்கிறது. அவ்வெழுத்தாளர் சி. வி. வேலுப்பிள்ளை.

சோவியத் நாட்டின் இத்தகைய எழுத்தாளரைச் சுட்டுவதற்கு நமது பத்திரிகைகள் ‘அதிருப்தியாளர்’ என்ற சொல்லை வழங்கிவந்தன. அது வலுவற்ற சொல். பந்தியிற் பாயசம் கிடைக்காதவனுக்கும் அதிருப்தி உண்டாகும். மனக்குறையைச் சொல்வது வேறு, மறுப்பது வேறு. அதிகாரம் மெய்யென்று நிறுவி முத்திரையிட்டுள்ள ஒன்றைத் தான் கண்டறிந்ததைக் கொண்டு இல்லையென்று சொல்லும் எழுத்தையே இங்கு மறுப்பெழுத்து என்கிறோம். அது உரத்த குரலில் அமைய வேண்டும் என்பதில்லை. எழுதியவர் சிறை சென்றிருக்க வேண்டும் என்பதுமில்லை.

ருஷ்ய உதாரணங்கள் நன்கறியப்பட்டவை. ‘டொக்டர் ஷிவாகோ’ 1957 இல் இத்தாலியில் வெளிவந்தது. மறு ஆண்டு வழங்கப்பட்ட நோபல் பரிசை ஏற்க இயலாதபடி பஸ்ரநாக் நெருக்கப்பட்டார். அந்நாவல் அவரது தாயகத்தில் அச்சேற 1988 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சின்யாவ்ஸ்கியும் டானியலும் 1966 இல் தாம் எழுதிய கதைகளுக்காகவே நீதிமன்றில் நிறுத்தப்பட்டு முறையே 7, 5 ஆண்டுகள் தண்டனை பெற்றனர். சோல்செனிட்சின் 1945 இல் போர்முனையிலிருந்து எழுதிய கடிதங்களில் ஸ்டாலினைக் குறைகூறியமைக்காகக் கைதாகி 8 ஆண்டுத் தண்டனை அனுபவித்தவர். அவரது ‘இவான் டெனிசோவிச்சின் வாழ்வில் ஒருநாள்’ 1962 இல் குருஷேவின் இசைவோடு ‘நோவி மீர்’ சஞ்சிகையில் வெளிவந்ததும், ஏழே ஆண்டுகளில் அவர் எழுத்தாளர் சங்கத்திலிருந்து விலக்கப்பட்டதும், 1970 இல் நோபல் பரிசு பெற்றதும் அடுத்தடுத்து நிகழ்ந்தவை.

இவற்றையெல்லாம் நமது முற்போக்கு வாசகர் எவ்வாறு எதிர்கொண்டனர்? பெரும்பாலும் எதிர்கொள்ளவில்லை என்பதே நேர்மையான விடை. மொஸ்கோ முன்னேற்றப் பதிப்பகத்தின் மலிவான தமிழ் நூல்கள் கோர்க்கியையும் தோல்ஸ்தோயையும் நமது வீடுகளுக்குக் கொண்டுவந்து சேர்த்தன. அதற்கு நாம் என்றும் கடமைப்பட்டவர்கள். அப்பட்டியலில் இல்லாதவர்களை மேற்குலகின் பனிப்போர்ச் சரக்கு என்று ஒதுக்கிவிடுவது எளிதாக இருந்தது. மறுபுறத்தில், சோல்செனிட்சினுக்காகக் கண்ணீர் வடித்த கொழும்பின் ஆங்கில வாசகர் பலர், தாம் அருந்தும் தேநீரைப் பறித்தவருக்குப் பிரஜாவுரிமை இல்லை என்பதையிட்டு உறக்கம் இழந்தவர்கள் அல்லர். இரு சாராரும் ஒரே தவற்றைச் செய்தனர்: மறுப்பெழுத்தை ஒரு நாட்டுக்குரிய விளைபொருளாகக் கருதினர்.

‘இவான் டெனிசோவிச்’ இன்றும் நிலைத்திருப்பதற்குக் காரணம் அதன் அரசியல் அன்று. மெத்தைக்குள் ஒளித்துவைத்த ரொட்டித் துண்டு, கடுங்குளிரில் சாந்து உறையுமுன் எழுப்பப்படும் சுவர், ஒருவேளைக் கஞ்சியின் அடர்த்தி ஆகியவற்றை எண்ணி நிறுத்துக் காட்டும் அதன் பொறுமையே காரணம். பிற்காலச் சோல்செனிட்சினின் ருஷ்ய தேசியவாதமும் மதப்பற்றும் நமக்கு உடன்பாடானவை அல்ல. அக்கருத்துகளைத் தள்ளுவதற்காக அந்த ரொட்டித் துண்டையும் தள்ள வேண்டியதில்லை.

இவ்விடத்தில் மற்றொரு ருஷ்யரை நினைவுகூர்வது பொருத்தமாகும். 1890 இல் அன்ரன் செக்கோவ் சகலின் தீவின் தண்டனைக் குடியேற்றத்துக்குச் சென்று மூன்று மாதங்கள் தங்கி, ஏறத்தாழ 10,000 பேரின் விபரங்களைத் தனித்தனி அட்டைகளிற் பதிவு செய்தார். திரும்பும் வழியில், அவ்வாண்டு நவம்பரில், கொழும்பில் இறங்கிக் கண்டிக்கும் வந்தார். சகலினை நரகமென்றும் இலங்கையைச் சொர்க்கமென்றும் அவர் சுவோரினுக்கு எழுதிய கடிதம் புகழ்பெற்றது. அச்சொர்க்கத்தில் தென்னஞ்சோலைகளும் வெண்கல நிறப் பெண்களும் உண்டு. தோட்டத் தொழிலாளர் இல்லை. அவர் பயணம் செய்த கண்டிப் புகையிரதப் பாதை கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காக 1867 இல் திறக்கப்பட்டது. அவர் வந்தபோது கோப்பி அழிந்து தேயிலை மலையேறிவிட்டது. அதை நட்டவர்கள் பாதையின் இருமருங்கிலும் லயங்களில் வாழ்ந்துகொண்டிருந்தனர். கைதிகளை ஒவ்வொருவராக எண்ணிய கண்கள் இவர்களைக் காணவில்லை. இதற்காகச் செக்கோவைக் குறைகூறுவதிற் பயனில்லை. சில நாட்கள் தங்கிய வழிப்போக்கர் அவர். இங்கு வேண்டியிருந்தது உள்ளிருந்தே அட்டை எழுதும் ஒருவர்.

தமிழகத்திலிருந்து வந்த மக்கள் இம்மலைப் பிரதேசம் முழுவதையும் ‘கண்டிச் சீமை’ என்றே வழங்கினர். அவர்களுக்குக் கண்டி ஒரு நகரின் பெயராக இருக்கவில்லை. மாத்தளையிலிருந்து அட்டன் வரை விரிந்த மலைகள் அனைத்தினதும் பெயராக இருந்தது. அச்சீமையின் தலவாக்கலைப் பகுதியிலுள்ள மடக்கும்புரைத் தோட்டத்தில் 1914 செப்டெம்பர் 14 இல் வேலுப்பிள்ளை பிறந்தார். பெரிய கங்காணிக் குடும்பத்தைச் சேர்ந்தவர் அவர் என்பது மனங்கொள்ளத்தக்கது. ஆட்களைக் கூட்டிவருவதும், முற்பணத்தாற் பிணைப்பதும், பேருக்கு இவ்வளவென்று தலைக்காசு பெறுவதுமான அமைப்பின் நடுத்தூண் கங்காணி. கடன் தீராத தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக முடியாதவாறு தடுத்த ‘துண்டு’ முறை 1921 இல் நீக்கப்பட்டபோது அவர் சிறுவர். அட்டனிலும் கொழும்பிலும் ஆங்கிலக் கல்வி பெற்று ஆசிரியராகப் பணியாற்றினார். லயத்தில் அன்றி லயத்துக்கு அருகே வளர்ந்தவர் அவர். அவரது எழுத்தின் பலமும் பலவீனமும் இந்த இடைவெளியிலிருந்தே பிறக்கின்றன.

அவருக்கு முன்னோடிகள் இல்லாமலில்லை. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசய்யர் 1920களிலேயே ‘தேசநேசன்’, ‘தேசபக்தன்’ ஆகிய பத்திரிகைகள் வாயிலாகத் துரைமாரோடு மோதினார். அவர் மனைவி மீனாட்சியம்மாள் தோட்ட மக்களிடையே தாமே பாட்டுக் கட்டிப் பாடியவர். கண்டி மாவட்டத்து மடுல்கலைப் பகுதியில் தோட்டத்தில் பணிபுரிய வந்து தொழிலாளர் பக்கம் நின்ற அவுஸ்திரேலிய இளைஞர் பிரேஸ்கேடிலை நாடுகடத்த 1937 இல் ஆளுநர் பிறப்பித்த கட்டளையை உயர் நீதிமன்றம் செல்லாதெனத் தீர்த்தது. 1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதியின் முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது கோவிந்தன் என்ற தொழிலாளி பொலிசாரின் துப்பாக்கிச் சூட்டுக்குப் பலியானார். கண்டியைச் சூழ்ந்த மலைகள் மறுப்புக்குப் புதியவை அல்ல என்பதற்கு இவை போதும். வெள்ளையர் ஒருவரை நாடுகடத்துவதற்குச் சட்டம் தடுமாறியதையும், பின்னர் இலட்சக்கணக்கானோர் விடயத்தில் அது தடுமாறாததையும் ஒப்புநோக்குவது சுவையானது, கசப்பான சுவை.

1947 பொதுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் ஏழு ஆசனங்களை வென்றது. தலவாக்கலையின் பிரதிநிதியாக வேலுப்பிள்ளை பாராளுமன்றம் சென்றார். மறு ஆண்டே 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் நிறைவேறியது. 1949 இல் 3 ஆம் இலக்க இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டமும், வாக்குரிமையைப் பிரஜைகளுக்கு மட்டுமே உரித்தாக்கிய 48 ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டமும் தொடர்ந்தன. ஆக, மக்களால் தெரிவு செய்யப்பட்ட ஒருவர் ஆசனத்தில் அமர்ந்திருக்கையிலேயே அவரைத் தெரிவு செய்தவர்கள் வாக்காளர் இடாப்பிலிருந்து மறைந்தனர். 1952 தேர்தலில் அவ்வெழுவரின் இடங்கள் ஒன்றும் அம்மக்களுக்குரியதாக மீளவில்லை. ருஷ்ய எழுத்தாளருக்கு நேர்ந்தது எழுத்துக்கான தண்டனை. இவரது மக்களுக்கு நேர்ந்ததோ எக்குற்றத்துக்குமான தண்டனையன்று. ஒரு ஜனநாயகச் சபை, விவாதம் நடத்தி, வாக்கெடுத்து, முறைப்படி செய்த காரியம் அது. தணிக்கை அதிகாரி அதற்குத் தேவைப்படவில்லை.

அச்சட்டத்தின் இயல்பைச் சிறிது கூர்ந்து நோக்க வேண்டும். வேலுப்பிள்ளையின் இலக்கியப் பணிக்கு அதுவே திறவுகோல். இலங்கையிற் பிறந்திருப்பது மட்டும் போதாது என்றது சட்டம். தந்தை இங்கு பிறந்திருக்க வேண்டும். அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருக்க வேண்டும். அவ்வாறு பிறந்தமையை நிறுவ வேண்டும். லயத்திற் பிறந்தவரின் பிறப்பைப் பதிவேட்டில் ஏற்றுவதில் எவருக்கும் அக்கறை இருந்ததில்லை. தோட்டத்துக் கணக்கேட்டில் அம்மனிதர் பேர் போட்ட நாட்களும், பறித்த கொழுந்தின் நிறையும், பட்ட கடனும் இருந்தன. பாட்டன் பிறந்த நாள் இருக்கவில்லை. 1949 சட்டத்தின்கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பங்கள் சென்றன. 1964 வரை உரிமை பெற்றோர் ஏறத்தாழ 134,000 பேர் மாத்திரமே. பெரும்பாலும் வாய்மொழியில் வாழ்ந்த ஒரு சமூகத்திடம் காகிதம் கேட்கப்பட்டது.

இப்பின்னணியில் அவரது ஆக்கங்களை அணுகலாம். ‘இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில்’ என்று பொருள்படும் தலைப்பில் 1950களின் முற்பகுதியில் அவர் வெளியிட்ட ஆங்கில நெடுங்கவிதையே அவருக்குப் பெயர் தேடித்தந்தது. சக்தி அ. பாலையா அதைத் ‘தேயிலைத் தோட்டத்திலே’ எனத் தமிழாக்கினார். அதிகாலைத் தப்பொலி, பெரட்டுக்களம், கொழுந்து மலை, அந்தி என்று ஒரு நாளின் ஒழுங்கிலே நகரும் அக்கவிதையின் உயிர்நாடியான படிமம், தேயிலைத் தூரின்கீழ் உரமாகிப்போன மனிதர். அவர்களுக்குக் கல்லறையோ நடுகல்லோ இல்லை என்ற துயரம் கவிதை முழுவதும் ஓடுகின்றது.

இக்கவிதை அளவுக்கு மீறிப் புகழப்பட்டிருக்கிறது என்றே தோன்றுகிறது. தாகூரின் ஆங்கில நடையின் சாயல் அதிற் படிந்திருக்கிறது. துயரம் சில இடங்களில் இனிமையாக மாறிவிடுகிறது. இனிக்கும் துயரத்தை வாசகர் எளிதில் நுகர்ந்துவிட முடியும். எனினும் அதை ஏன் ஆங்கிலத்தில் எழுதினார் என்ற வினா முக்கியமானது. கவிதையின் பொருளாக அமைந்தோர் வாசிக்க முடியாத மொழி அது. இதை அந்நியமோகம் என்று தள்ளிவிடுவோர், சட்டம் இயற்றியவர்களின் மொழியும் துரையின் மொழியும் அதுவே என்பதை மறந்துவிடுகின்றனர். பஸ்ரநாக்கும் சோல்செனிட்சினும் தம் மக்களின் மொழியில் எழுதி, அம்மக்களை அடைய வழியின்றிப் பிறநாட்டில் அச்சிட்டனர். வேலுப்பிள்ளை தம் மக்களின் துயரை அவர்களை ஆள்வோரின் மொழியிலே அவர்களின் தலைநகரிலேயே அச்சிட்டார், எவரும் தடுக்கவில்லை. தடுக்கப்படாமையும் ஒருவகைப் புறக்கணிப்பு என்பதை ருஷ்ய அனுபவம் மட்டும் அறிந்தவர் உணர்வது கடினம். மொஸ்கோவில் ஒரு கவிதைக்கு அரசு அஞ்சியது. கொழும்பில் அதை நன்றாயிருக்கிறதென்று சொல்லிப் பக்கத்தைப் புரட்டினார்கள்.

1970 இல் ஆங்கிலத்தில் நூலுருப் பெற்ற சொற்சித்திரங்கள் இதனினும் உயர்ந்தவை என்பது எமது மதிப்பீடு. ‘உழைக்கப் பிறந்தவர்கள்’ என்று பொருள்படும் தலைப்புடைய அந்நூலை மு. சிவலிங்கம் ‘தேயிலை தேசம்’ என்று தமிழுக்குத் தந்துள்ளார். தோட்டத்து மாந்தர், தொழில், சடங்கு, பேச்சு ஆகியவை கவிதைப் பூச்சின்றி இடம்பெறும் எழுத்து அது. செக்கோவின் சகலின் நூல் இலக்கியமா புள்ளிவிபரமா என்று அந்நாளில் எழுந்த ஐயம் இந்நூலைக் குறித்தும் எழக்கூடும். அவ்வையமே அதன் தகைமைக்குச் சான்று. பேர் என்ன, அரைப்பேர் என்ன, தப்பு எப்போது அடிக்கப்படும், பெரட்டில் யார் எங்கே நிற்பார் என்று சொல்லிச் செல்லும்போது, இம்மக்கள் இந்தியாவிலிருந்து வந்து பணம் சேர்த்துக்கொண்டு திரும்பும் தற்காலிகக் கூட்டம் என்ற சட்டத்தின் அடிப்படைக் கற்பிதம் வாதமின்றியே கரைந்துபோகிறது. தற்காலிகக் கூட்டத்துக்கு இவ்வளவு வழக்காறு உண்டாகாது.

நாவல்களைப் பற்றி அதிகம் கூறுவதற்கில்லை. அவற்றிற் சில ஆங்கிலத்தில் எழுதப்பட்டுத் தமிழாக்கப்பட்டு நாளிதழ்களில் தொடராக வந்தவை. தொடர்கதைக்குரிய திருப்பங்களும் உணர்ச்சிப் பெருக்கும் அவற்றைத் தளர்த்துகின்றன. ‘வீடற்றவன்’ மட்டும் தனித்துக் கவனிக்கத்தக்கது. தோட்டத்திற் சங்கம் அமைக்க முனையும் தொழிலாளி வேலையை இழக்கிறான். வேலை போனால் லயத்து அறையும் போகிறது. இந்த ஒரே நிகழ்ச்சியில் தோட்ட அமைப்பின் இரகசியம் முழுவதும் அடங்கியுள்ளது. கூலியும் கூரையும் ஒருவரிடமே இருக்கையில் மறுப்பின் விலை கூரை. நாட்டுக்கும் இதுவே பொருந்தும் என்பதை நாவல் சொல்லாமற் சொல்கிறது. தோட்டம் சிறைமுகாம் அன்று. அவ்வாறு சமன்படுத்துவது இரண்டு துன்பங்களையும் கொச்சைப்படுத்துவதாகும். ஆயினும் வாயில் திறந்திருந்தும் போக்கிடம் இல்லாத இடம் அது என்பதை இந்நாவல் உணர்த்துகிறது.

அவரது தலைசிறந்த பணி என்று நாம் கருதுவது, விமர்சகர் பலரும் அவரது ஓய்வுநேர ஆர்வம் போலக் கருதிக் கடந்துசெல்லும் ஒன்று. நெடுங்காலம் தோட்டந்தோட்டமாகக் கேட்டுத் தொகுத்த வாய்மொழிப் பாடல்களை ‘மலைநாட்டு மக்கள் பாடல்கள்’ என்ற பெயரில் 1983 இல் சென்னையில் வெளியிட்டார். தாலாட்டு, ஒப்பாரி, காதற் பாட்டு, தொழிற் பாட்டு, கங்காணியையும் கணக்கப்பிள்ளையையும் எள்ளும் பாட்டு என்று விரியும் தொகுதி அது. நாட்டார் வழக்காற்றியல் நோக்கில் அதிற் குறைகள் உண்டு. பாடியவர், பாடிய இடம், காலம் ஆகிய தகவல்கள் இன்றைய ஆய்வாளர் எதிர்பார்க்கும் அளவில் இல்லை; இசைக் குறிப்பு இல்லை. பேராதனையில் இத்துறையிற் பயிற்சி பெறும் மாணவர் எவரும் இக்குறைகளை ஒரு மணி நேரத்திற் பட்டியலிட்டுவிடலாம்.

ஆனால் அப்பாடல்கள் எதைச் சொல்கின்றன? மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளைக்கும் கண்டிக்கும் நடந்த வழியைச் சொல்கின்றன; வழியில் இறந்தவரைச் சொல்கின்றன; ஊரில் விட்டுவந்த தாயைச் சொல்கின்றன; கோப்பித் தோட்டத்தைச் சொல்கின்றன. இக்கடைசிச் செய்தியில் சற்றுத் தரித்து நிற்க வேண்டும். 1869 இல் தோன்றிய இலைநோயினால் இலங்கையின் கோப்பிச் செய்கை 1880களின் நடுப்பகுதிக்குள் ஏறத்தாழ அழிந்தொழிந்தது. அதன்பின் பிறந்த எவரும் கோப்பிப் பழம் பறிக்கும் வேலையைப் பரவலாகக் கண்டிருக்க முடியாது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் தேயிலைக்கு நடுவே நின்று ஒரு முதியவள் கோப்பியைப் பற்றிப் பாடுகிறாள் என்றால், அப்பாட்டு அவளுக்கு அவள் பாட்டியிடமிருந்து இம்மண்ணிலேயே வந்திருக்க வேண்டும் என்று கொள்வதே இயல்பு. சட்டம் கேட்ட இரண்டு தலைமுறைச் சான்று அப்பாட்டில் இருக்கிறது. பிரஜாவுரிமை ஆணையாளர் அதை ஏற்கமாட்டார். பாட்டுக்கு முத்திரை இல்லை. முத்திரையில்லாத அச்சான்றைத் திரட்டி அச்சில் ஏற்றியவர், பதிவேட்டில் இல்லாதோருக்கு ஒரு பதிவாளராகத் தம்மைத் தாமே நியமித்துக்கொண்டார் எனலாம். சோல்செனிட்சின் தமது பெருநூலுக்கு 227 பேரின் சாட்சியத்தைத் திரட்டினார் என்பர். அவை தனித்தனி மனிதரின் சாட்சியங்கள். வேலுப்பிள்ளை திரட்டியது பெயர் சொல்லாத ஒரு கூட்டத்தின் சாட்சியம். ஆதலால்தான் அது சாட்சியமென்றே நமக்குத் தோன்றவில்லை.

சோவியத் நாட்டில் தடைசெய்யப்பட்ட எழுத்தைத் தட்டச்சில் படியெடுத்துக் கைமாற்றும் வழக்கம் இருந்தது. மலையகத்தில் அதற்கு ஒப்பானது எதுவென்று கேட்டால், சந்தைகளிலும் புகையிரதங்களிலும் பாடிப் பாடி விற்கப்பட்ட பாட்டுப் பிரசுரங்களைச் சுட்டலாம். வேலைநிறுத்தம், பிரஜாவுரிமை, துப்பாக்கிச் சூடு எல்லாம் அவற்றில் பாடுபொருளாயின. அவை இரகசியமானவை அல்ல. தடையும் பெரும்பாலும் இல்லை. ஒப்புமை இங்கு முடிந்துவிடுகிறது. ஒன்று அச்சத்தால் மறைக்கப்பட்டது. மற்றது தாளின் மலிவினாலும் மழையினாலும் அழிந்தது.

முற்போக்கு இலக்கிய வரலாற்றின் ஒரு கடினமான இடத்துக்கு இனி வர வேண்டும். 1954 இல் தோன்றிய இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் அதனைச் சார்ந்த விமர்சகர்களும் 1960ஐ ஒட்டித் ‘தேசிய இலக்கியம்’ என்ற கோட்பாட்டை முன்வைத்தனர். தமிழகச் சஞ்சிகைகளின் ஆதிக்கத்திலிருந்து ஈழத்து எழுத்தை விடுவித்து இம்மண்ணின் வாழ்வைப் பாட வேண்டுமென்றது அது. அதன் வரலாற்றுப் பயனை மறுப்பதற்கில்லை; மலையகச் சிறுகதைக்கு ஊக்கமும் களமும் கிடைத்ததில் அவ்வியக்கத்துக்குப் பங்குண்டு. ஆயினும் தேசிய இலக்கியம் படைக்குமாறு நாம் அழைத்தபோது, அழைக்கப்பட்டவர்களில் ஒரு பெரும் பகுதியினருக்குச் சட்டப்படி தேசம் இல்லை. மண்வாசனை வேண்டினோம், அம்மண்ணில் அவர்களுக்கு ஒரு பேர்ச்சும் இல்லை. இம்முரண்பாடு கோட்பாட்டு விவாதங்களில் உரிய இடம் பெறவில்லை. 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டத்தை இடதுசாரிக் கட்சிகள் எதிர்த்தன என்பது அவற்றின் வரலாற்றில் ஒளிமிக்க பக்கம். 1964 ஒக்டோபர் 30 இல், 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 300,000 பேருக்கு இங்கு உரிமை வழங்கவும் ஒப்பந்தமானபோது, லங்கா சமசமாஜக் கட்சி அரசாங்கத்தின் பங்காளியாக இருந்தது. அனுப்பப்படுவோரிடம் எவரும் கருத்துக் கேட்கவில்லை. மேற்குலகின் பிரசாரம் என்று ருஷ்ய மறுப்பாளரை ஒதுக்கிய அதே மனப்பாங்கு, தன் முற்றத்தில் நிகழ்ந்ததைக் கணக்கியற் பிரச்சினையாகக் கண்டதற்கும் காரணமாக இருந்திருக்கலாம். வரலாற்றின் நியதி என்ற பெரிய சொல்லின் கீழ் தனிமனிதர் சிறிய எண்களாகிவிடுகின்றனர்.

வேலுப்பிள்ளை தாமும் அமைப்புக்குள் நின்றவரே. காங்கிரஸிலிருந்து விலகி, வி. கே. வெள்ளையன் 1965 இல் தொடங்கிய தொழிலாளர் தேசிய சங்கத்திற் பணியாற்றினார். ‘மாவலி’ சஞ்சிகையை நடத்தினார். சங்கப் பணி அவரது எழுத்தைப் பாதித்ததா? பாதித்தது என்றே சொல்ல வேண்டும். துரையையும் சட்டத்தையும் குறித்து அவர் பேனா கூர்மையானது. தலைவர்களையும் சங்கப் பூசல்களையும் குறித்து அது தயங்குகிறது. சந்தாப் பணத்துக்காக ஒரே லயத்தைப் பல சங்கங்கள் கூறுபோட்ட அவலத்தை எழுத அவரைவிடத் தகுதியுடையவர் இருந்திருக்க முடியாது. அந்நாவல் எழுதப்படவில்லை. ருஷ்ய மறுப்பாளர் எழுத்தாளர் சங்கத்திலிருந்து வெளியேற்றப்பட்டதால் ஒரு சுதந்திரத்தைப் பெற்றார். இவருக்கு அச்சுதந்திரம் வாய்க்கவில்லை. வெளியேறியிருந்தால் கேட்பதற்கு யார் இருந்திருப்பர் என்பதும் உண்மையே.

ஒப்பந்தத்தின்கீழ் இந்தியா சென்றவர்களை மலையகத்திலிருந்து தலைமன்னாருக்கு ஏற்றிச் சென்ற புகையிரதத்துக்கு மக்கள் ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று பெயரிட்டனர். எந்தக் கவிஞரும் சூட்டிய பெயரன்று அது. இறந்தவருக்குப் பாடுவதை உயிரோடு பிரிபவருக்குப் பாடியதால் வந்த பெயர். அக்கோச்சியில் ஏறியவர்களோடு பாடல்களும் ஏறின. வேலுப்பிள்ளையின் தொகுதி அக்காலத்தில் உருவானது என்பதை நினைத்தால், அது ஏன் அவசரமாகவும் முறைமைக் குறைகளோடும் செய்யப்பட்டது என்பது விளங்கும். பாடகர்கள் நாளாந்தம் குறைந்துகொண்டிருந்தனர். 1983 ஜூலை வன்செயல் மலையகத்தின் நகரங்களையும் தோட்டங்களையும் தாக்கிய அதே ஆண்டில் நூல் வெளிவந்தது. மறு ஆண்டு நவம்பர் 19 இல் அவர் காலமானார். ‘நாடற்றவர் கதை’ அவரது மறைவுக்குப் பின்னரே நூலுருப் பெற்றது.

சோல்செனிட்சினின் பிரஜாவுரிமை 1990 இல் மீள வழங்கப்பட்டது. 1994 இல் அவர் திரும்பிச் சென்று, 2008 இல் தம் நாட்டிலேயே மரித்தார். இங்கு நாடற்றோர் பிரச்சினைக்குச் சட்டரீதியான முடிவு 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டத்தோடுதான் வந்தது. பிரஜாவுரிமை கிடைத்தபின்னும் லயத்து அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாத குடும்பங்கள் இன்றும் மிகப் பல.

அவரைப் பற்றிய ஆய்வு இல்லாமலில்லை. சாரல் நாடன் ‘சி. வி. சில சிந்தனைகள்’ என்ற நூலில் தகவல்களைத் தேடித் தந்தார். பேராதனையைச் சேர்ந்த பேராசிரியர் க. அருணாசலம் மலையக இலக்கியம் பற்றி விரிவாக எழுதினார். எஞ்சியிருக்கும் பணிகளில் இரண்டு அவசரமானவை. ஆங்கில மூலங்களையும் தமிழாக்கங்களையும் ஒப்பிட்டு, மொழி மாறும்போது எக்குரல் தாழ்ந்தது, எது உயர்ந்தது என்று காண வேண்டும். பாடற் தொகுதியில் இடம்பெறும் தோட்டப் பெயர்கள், வழிப்பெயர்கள், தொழிற்சொற்கள் அனைத்தையும் அட்டவணைப்படுத்திக் காலவரையறை செய்ய வேண்டும். இரண்டாவது பணியை மேற்கொள்பவர் நீலகிரிக்கும் சென்றாக வேண்டும். கோச்சியில் ஏறியவர்களிற் பலர் குடியமர்ந்த இடம் அது. அங்கும் தேயிலைதான் பறித்தார்கள். அவர்களது பேரப்பிள்ளைகளிடம் எப்பாடல்கள் எஞ்சியுள்ளன என்பதைக் கேட்டறிவதற்கு இன்னும் சில ஆண்டுகளே அவகாசம் உண்டு.